படைக்கலக் கொட்டிலும் வேடியப்பன் கல்லும்

ஜப்பானின் நகோயா நகரத்தில் தொகுகாவா கலைக்கூடம் என்று ஒன்று இருக்கிறது. ஒரே பிரபுக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த பொருள்கள் பத்தாயிரத்துக்கும் மேல் அங்கே உள்ளன: வாள், கவசம், தேநீர்க் கிண்ணம், ‘நோ’ என்ற ஜப்பானிய நாடகத்தின் முகமூடி, கல்யாணச் சீர், ஓவியச் சுருள். வேலைக்கோ படிப்புக்கோ ஜப்பான் போன நம் பிள்ளைகள் அங்கே எடுத்த படங்கள் அரூரிலும் தீர்த்தமலையிலும் கைப்பேசிகளில் சுற்றுகின்றன. பார்த்தவுடன் எழும் பேச்சும் ஒன்றுதான். “அவன் சீப்பு சிமிழைக்கூட விடாமல் வைத்திருக்கிறான். அதியமான் ஆண்ட மண் என்று மார்தட்டுகிறோமே, அவன் வாள் ஒன்றாவது நம்மிடம் உண்டா?”

நியாயமான கேள்விதான். ஆனால் “நமக்கு அக்கறை போதாது” என்று ஒரு வரியில் பதில் சொல்லி எல்லோரும் எழுந்து போய்விடுகிறோம். அக்கறைக் குறைவு உண்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஒரு வாள் நானூறு வருஷம் பளபளப்பாக இருப்பதற்கு அக்கறை மட்டும் போதாது. அரசியல், போர், சட்டம், வீட்டுக் கணக்கு என்று பலவும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். அதை நிதானமாகப் பார்ப்போம்.

1603-இல் தொகுகாவா இயேயாசு ஜப்பானின் ஷோகன் ஆனார். பேரரசர் கியோட்டோவில் பெயருக்கு இருக்க, நாட்டை நடத்தும் படைத்தலைவர்தான் ஷோகன். அவருக்குக் கீழே நாடு முழுவதும் ‘டைம்யோ’ என்ற பிரபுக்கள். நம் பக்கத்துப் பாளையக்காரர்களை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். இயேயாசுவின் ஒன்பதாவது மகன் யோஷினாவோவுக்கு நகோயாவைத் தலைநகராகக் கொண்ட ஓவாரி நாடு கிடைத்தது. பிரபுவின் தகுதியை அங்கே அரிசியால் அளந்தார்கள். ஓவாரியின் அளவு ஏறக்குறைய 6,20,000 கொக்கு. ஒரு கொக்கு என்பது ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசி, சுமார் 180 லிட்டர். ஷோகன் குடும்பத்தின் மூன்று பெரிய கிளைகளில் இதுவே மூத்தது. 1616-இல் இயேயாசு இறந்தபோது அவருடைய சொந்த உடைமைகள் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டன. இன்று நகோயாவில் காட்டப்படும் சேகரிப்பின் அடித்தளம் அந்தப் பாகப்பிரிவினையில் வந்த பங்குதான்.

அதற்குப் பிறகு நடந்தது, அல்லது நடக்காதது, முக்கியம். 1615-இல் ஒசாகா கோட்டை விழுந்த பின், 1637-38-இல் நடந்த ஷிமாபாரா கலகத்தைத் தவிர, ஜப்பானில் சொல்லிக்கொள்ளும்படியான போர் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இல்லை. சாமுராய்கள் இடுப்பில் வாளோடு நடந்தார்கள். ஆனால் உட்கார்ந்து எழுதியது நெல் கணக்கு. ஓவாரிப் பிரபுவின் வாள் பெட்டியிலிருந்து வெளியே வந்ததெல்லாம் எண்ணெய் போடவும், சடங்குக்கு எடுக்கவும், இன்னொரு பிரபுவுக்குப் பரிசாகக் கொடுக்கவும்தான்.

அந்தக் காலத்து ஜப்பானில் பிரபு வீட்டுப் பொருள்கள் அவருடைய பதவியோடு ஒட்டியவை. ஷோகன் வீட்டுக்கு வந்தால் எந்த மாடத்தில் எந்த ஓவியம் தொங்க வேண்டும், எந்தத் தட்டில் எந்தப் பாத்திரம் இருக்க வேண்டும், தேநீர் எந்தக் கிண்ணத்தில், பிறகு நடக்கும் நோ நாடகத்துக்கு எந்த உடை என்று எல்லாவற்றுக்கும் முறை இருந்தது. நம் கோயில்களில் உற்சவருக்குச் சாத்தும் திருவாபரணம் போல என்று சொல்லலாம். பூட்டிய அறையில் இருக்கும், பட்டியல் இருக்கும், விசேஷ நாளில் வெளியே வரும், திரும்பப் போகும்போது சரிபார்க்கப்படும். யாரும் தன் ஆசைக்கு அணிந்துகொள்ள முடியாது. இன்றைய கலைக்கூடத்தின் அறைகளும் அந்த ஒழுங்கிலேயே வருகின்றன. முதலில் போர்க்கருவிகள், பிறகு தேநீர் அறை, பிறகு விருந்தினரை வரவேற்கும் கூடம், நோ மேடை, கடைசியில் அந்தப்புரத்துப் பொருள்கள். நகோயா கோட்டை மாளிகையில் இருந்த அறைகளின் ஒரு பகுதியை அப்படியே மறுபடி கட்டி, பொருளை அதற்குரிய இடத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ‘கிண்ணம், 17-ஆம் நூற்றாண்டு’ என்று சீட்டு ஒட்டி வைப்பதற்கும் இதற்கும் எவ்வளவோ தூரம்.

ஒரு பொருளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 1639-இல் மூன்றாம் ஷோகன் இயேமிட்சுவின் மகள் சியோஹிமேவை ஓவாரி வாரிசு மிட்சுதோமோவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பெண்ணுக்கு அப்போது மூன்று வயது நிரம்பவில்லை. சீர் மட்டும் முழுசாக வந்தது: அலமாரி, கண்ணாடிப் பெட்டி, சீப்புப் பெட்டி, எழுதுபொருள் பெட்டி, வாசனைப் பொருள்களுக்கான பெட்டிகள். எல்லாம் மரத்தின் மேல் அரக்கு பூசியவை. அரக்கு என்றவுடன் நம் செட்டிநாட்டுப் பெட்டி நினைவுக்கு வரக்கூடாது. இது ஒரு மரத்தின் பால். அதைப் பூச்சுப் பூச்சாகக் காயவிட்டு, ஈரம் உலரும் முன் அதன் மேல் பொன்துகளைத் தூவி உருவம் எழுப்புவார்கள். இந்தச் சீரைச் செய்தவர் கோவாமி நாகாஷிகே என்ற கைவினைஞர். ‘கெஞ்சியின் கதை’ என்ற பழைய நாவலில் புத்தாண்டை ஒட்டி வரும் ஓர் அத்தியாயம்தான் கரு. பைன் மரமும் பாறையும் வீட்டு முற்றமும் பொன்னில் தெரிகின்றன. கூர்ந்து பார்த்தால் மரக்கிளைக்கும் பாறைக்கும் நடுவே அந்த அத்தியாயத்துப் பாட்டின் எழுத்துகள் உருவத்தோடு உருவமாக ஒளிந்திருக்கின்றன. கதை தெரிந்தவருக்கு மட்டும் படிக்கக் கிடைக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு இது எதற்கு என்று கேட்கத் தோன்றும். சீர் குழந்தைக்கானதல்ல, ஷோகன் வீட்டிலிருந்து ஓவாரி வீட்டுக்கு ஊர் பார்க்க வந்த ஊர்வலம் அது.

இதே போன்ற ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் கருத்துச் சொல்லியிருக்கிறார். தகடூருக்கு, அதாவது இன்றைய தருமபுரிக்கு, மிகவும் வேண்டியவர். அதியமான் நெடுமான் அஞ்சி, காஞ்சித் தொண்டைமானிடம் ஔவையாரைத் தூது அனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். ஔவை பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எம் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். புகழ்வது போலத் தொடங்கி, கேட்டவன் முகத்தில் ஈயாடவில்லை என்கிற அளவில் முடிகிறது.

இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு ஜப்பான்காரரைக் கிண்டல் செய்ய வேண்டியதில்லை. ஔவை சொன்னதில் ஒரு துல்லியமான அவதானிப்பு இருக்கிறது. அதுதான் நமக்குப் பயன். ஆயுதம் அழகாக நிலைக்க வேண்டுமானால் அது வேலை செய்யாமல் இருக்க வேண்டும். வேலை செய்த ஆயுதம் முறியும், உருகும், மறுபடி வேறொன்றாக அடிக்கப்படும். அதியமானின் வேலைத் தேடுகிறவர்கள், அது எங்கே போயிற்று என்பதை அவனுடைய புலவரே சொல்லிவிட்டுப் போயிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

அமைதி இருந்தது என்பதற்காக நகோயாவின் சேகரிப்பு தானாகத் தப்பிவிடவில்லை. 1868-இல் ஷோகன் ஆட்சி முடிந்தது. 1871-இல் பிரபுக்களின் நாடுகள் ஒழிக்கப்பட்டன. 1876-இல் பொது இடத்தில் வாள் அணிவதே தடை. 1927 வங்கி நெருக்கடியில் பிரபுக் குடும்பங்கள் பணம் போட்டிருந்த பதினைந்தாம் வங்கி கதவடைத்தது. பல குடும்பங்கள் பரம்பரைப் பொருள்களை ஏலத்தில் விற்றுக் கடன் அடைத்தன. இன்று உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் உள்ள ஜப்பானியப் பொருள்களில் பல இப்படிக் கைமாறியவைதான். ஓவாரிக் கிளையின் பத்தொன்பதாவது தலைவர் யோஷிச்சிக்கா வேறு வழியில் போனார். 1931-இல் ஓர் அறக்கட்டளை ஏற்படுத்திக் குடும்பப் பொருள்களை அதன் பேரில் எழுதிவைத்தார். 1935-இல் கலைக்கூடம் திறந்தது. பிள்ளைகள் பங்கு பிரிக்கவும் முடியாது, கடன்காரர் கைவைக்கவும் முடியாது. மனிதர் ஒரு விசித்திரமானவர். மலாயாவில் புலி வேட்டையாடிப் பெயர் வாங்கினார். ஸ்விட்சர்லாந்தில் பார்த்த மரக் கரடிப் பொம்மைகளை ஹொக்கைடோ விவசாயிகளுக்குக் குளிர்காலத் தொழிலாக அறிமுகப்படுத்தினார். 1942-இல் ஜப்பானிய ராணுவத்தின் ஆலோசகராகச் சிங்கப்பூர் வந்து அங்குள்ள அருங்காட்சியகத்துக்கும் பூங்காவுக்கும் பொறுப்பேற்றார். இந்தக் கடைசி வேலையைச் சிங்கப்பூர்த் தமிழர் எப்படி நினைவுகூர்வார்கள் என்பது தனிக் கதை.

1945 மே மாதம் அமெரிக்கக் குண்டுவீச்சில் நகோயா கோட்டை எரிந்தது. கலைக்கூடம் தப்பியது. போர் முடிந்ததும் வேறொரு ஆபத்து வந்தது: நாட்டில் உள்ள வாள்களை எல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று நேச நாட்டுப் படை உத்தரவு போட்டது. எத்தனையோ வாள்கள் அழிந்தன. அறிஞர்கள் மன்றாடியதில், கலை மதிப்புள்ளவற்றுக்கு விலக்குக் கிடைத்தது. இன்றும் ஜப்பானில் பழைய வாளுக்குப் பதிவுச் சீட்டு உண்டு. அந்தச் சீட்டு வைத்திருப்பவருக்கு அல்ல, வாளுக்குத் தரப்படுவது. வாள் கைமாறினால் சீட்டும் கூடவே போகும்.

இனி நம் பக்கம் வருவோம். ஓவாரிக் குடும்பத்துக்கு ஒரே வீடு, ஒரே ஊர், இருநூற்றைம்பது வருஷம். தகடூருக்கு அப்படி ஒரு தொடர்ச்சி வாய்க்கவில்லை. 1981-இல் தென்பெண்ணைக் கரைப் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டு, சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி என்று பெயர் சொல்கிறது. அசோகர் கல்வெட்டில் வரும் சதியபுதோ யார் என்ற பழைய வழக்கு அதோடு தீர்ந்தது. அதன் பின் இந்த மண்ணில் பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர், போசளர், விசயநகரத்தார், மைசூரார் என்று வரிசையாக வந்தார்கள். பாராமகால் என்று பெயர் பெற்ற இந்தப் பகுதி ஐதருக்குப் பின் திப்புவின் கையிலிருந்து 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயிற்று. ஒரு கொட்டிலைக் கட்டிக் காப்பாற்ற ஒரு குடும்பம் நிலைத்து உட்கார வேண்டுமே.

ஆனாலும் குடும்ப நினைவு முற்றாக அறுந்துவிடவில்லை. போளூருக்குப் பக்கத்தில் திருமலை என்ற சமணக் குன்றில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சோழர் காலத்தின் பிற்பகுதியில் தகடூரை ஆண்ட அதிகமான் விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோன் எழினி செய்வித்த இயக்கன், இயக்கி திருமேனிகள் பழுதடைந்திருக்கக் கண்டு, அவற்றைப் புதுப்பித்து வைத்தான் என்கிறது அது. முன்னோர் பொருளைத் தேடிப்போய்ச் சீர்செய்து, செய்ததை எழுதியும் வைத்த ஒரு குறுநில மன்னன்! பரம்பரைச் சொத்தைப் பராமரிப்பதில் நம்மவரும் சளைத்தவர்கள் இல்லை. இடம்தான் வேறு. அரண்மனைப் பெட்டகத்தில் சேர வேண்டியது இங்கே கோயிலிலும் பள்ளியிலும் போய்ச் சேர்ந்தது. தீர்த்தமலை தீர்த்தகிரீசுவரர் கோயிலிலும் சோழர், விசயநகரர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. இராம தீர்த்தத்தில் தலையை நனைத்துவிட்டு அவசரமாக இறங்குகிறவர்கள் அந்தச் சுவர்களையும் ஒரு நிமிஷம் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் கோயில் சுவர் என்பது பெரும்பாலும் யார், எந்த நிலத்தை, எந்த விளக்குக்கு, எத்தனை ஆட்டுக்குக் கொடுத்தார் என்ற கணக்குப் புத்தகம்.

எஞ்சிய ஆயுதங்களுக்கு என்ன ஆயிற்று? இங்கேதான் வெளியார் கை வருகிறது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் தென்பாண்டிப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தார். கோட்டைகள் இடிக்கப்பட்டன. தஞ்சையில் 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் அரசு கம்பெனி வசமானது. அரண்மனை ஆயுதச் சாலையிலிருந்து தேர்ந்தெடுத்தவை 1860-களில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. மற்றவை உடைத்துப் பழைய உலோகமாக விற்கப்பட்டன. இன்று எழும்பூரில் நாம் பார்க்கும் கட்டாரியும் வாளும் அந்தக் குவியலில் தப்பியவை. நகோயாவுக்கும் தஞ்சைக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இடத்தில் தெளிவாகப் பார்க்கலாம். இரண்டு ஊரிலும் அதிகாரத்துக்கு வந்தவர்கள் ‘ஆயுதத்தைக் கொடு’ என்றார்கள். ஜப்பானில் ‘இது ஆயுதமா, கலையா’ என்று கேட்டு வாதாட ஆளும் இருந்தது, கேட்கக் காதும் இருந்தது.

வாதாடியபோது நமக்கும் கிடைத்திருக்கிறது. சிவாஜியின் மூத்த ராணி காமாட்சி பாய் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் 1859-இல் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது; ஆனாலும் 1862-இல் அரசு குடும்பத்தின் தனிச்சொத்துகளைத் திருப்பிக் கொடுத்தது. அப்படித் திரும்பியவற்றில் ஒன்று தஞ்சை மன்னர் சரபோஜி வளர்த்த சரசுவதி மகால் ஏட்டுச் சாலை. 1918-இல் அது பொதுமக்களுக்கு ஆயிற்று. ஓவாரிக் குடும்பத்து நூலகத்தை 1950-இல் நகோயா நகராட்சி வாங்கிப் பொது நூலகமாக்கியதற்கு முப்பத்திரண்டு வருஷம் முன்னால் என்பதைப் பெருமைக்காக அல்லாமல் கணக்குக்காகச் சொல்லிவைக்கிறோம்.

தருமபுரிப் பக்கம் பிரபுக்களின் பெட்டகம் இல்லை என்றாகிவிட்டது. ஆனால் அந்தப் பிரபுக்களுக்காகச் செத்தவர்களின் பதிவேடு இருக்கிறது. அதுவும் ஜப்பானில் எந்தக் கலைக்கூடத்திலும் காண முடியாத அளவில். நடுகற்கள். செங்கம், அரூர், ஊத்தங்கரை, தருமபுரி வட்டாரத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்பவை. ஆநிரை கவர வந்தவரோடு போரிட்டு மாண்டவர், ஊரைக் காத்து விழுந்தவர், புலியைக் குத்திச் செத்தவர். ஒரு கையில் வில்லோ வாளோ, மறு கையில் கேடயம். உடம்பில் தைத்த அம்புகளைக்கூடச் செதுக்கியிருப்பார்கள். காலடியில் சில கற்களில் ஒரு கெண்டி இருக்கும்.

எடுத்தனூர்க் கல் ஒன்று போதும். திருவண்ணாமலை மாவட்டத்தில், தென்பெண்ணை வட்டாரத்தில் கிடைத்தது. பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. மேலே பல்லவ மன்னன் பெயர். அவனுக்குக் கீழே வாணகோ அரைசர். அவருடைய மருமக்கள் பொற்றொக்கையார். பொற்றொக்கையாரின் ஆள் கருந்தேவகத்தி, எருமை மந்தையைக் காக்கப் போய் மாண்டவன். பக்கத்தில் ஒரு நாய். அதற்கும் பெயர் எழுதியிருக்கிறது: கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துத் தன் எசமானனைக் காத்து நின்றது என்ற சேதியும் சேர்த்து. பேரரசனிலிருந்து நாய் வரை ஒரு நிலவுடைமைச் சமுதாயத்தின் ஏணி முழுவதையும் ஒரே பலகைக் கல்லில் பார்க்கலாம். நகோயாவில் ஏணியின் மேல்படிகள் மட்டும்தான் மிளிர்கின்றன. மூன்றாம் படிக்குக் கீழே இருந்தவர் பெயரை அந்த அரக்குப் பெட்டிகள் சொல்லாது.

இந்தக் கற்கள் தப்பியதற்குக் காரணம் எந்தத் துறையும் இல்லை. ஊரார் அவற்றை வேடியப்பன் என்று கும்பிட்டார்கள். நம் மாவட்டத்தில் வேடியப்பன் கோயில் என்று சொல்லும் இடங்கள் பலவற்றில் உள்ளே போய்ப் பார்த்தால் நடுகல்தான் சாமி என்பது இந்தப் பக்கம் களப்பணி செய்தவர்கள் எல்லோரும் அறிந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களில் இரா. நாகசாமி தலைமையில் ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்துச் செங்கம், தருமபுரிக் கற்களை நூல்களாக வெளியிட்டது. பல கற்கள் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு வந்தன. கும்பிடப்படும் கல்லை அங்கே கொண்டுபோகச் சொல்ல மாட்டோம். கோயிலில் இருக்கும் வரை அதற்குக் காவல் உண்டு. ஆனால் கும்பாபிஷேகம் என்ற பேரில் எனாமல் பெயிண்ட் அடிப்பதும், எழுத்தைத் தேய்த்துப் ‘பளிச்’ ஆக்குவதும், சுற்றிலும் டைல்ஸ் ஒட்டிப் பாதிக் கல்லைப் புதைப்பதும் வேண்டாம். வட்டெழுத்து ஆழமாக வெட்டப்பட்டதல்ல. ஒரு முறை உப்புத்தாள் போட்டால் ஆயிரத்து முந்நூறு வருஷத்துப் பெயர் போய்விடும். எண்ணெய், மஞ்சள் பூச்சைக்கூடப் பின்னால் கழுவி எடுக்கலாம். பெயிண்டை எடுக்கும்போது எழுத்தும் சேர்ந்து உரியும்.

கடைசியாக, எல்லோரும் பயந்து பேசாமல் விடும் ஒரு விஷயம். “கலெக்டர் ஆபீசுக்குச் சொன்னால் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.” இதில் இரண்டு சட்டங்கள் குழம்பிக் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இருக்கும் பழம்பொருள்களுக்குப் பொருந்துவது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப்பொருள் சட்டம்; 1976-இல் நடைமுறைக்கு வந்தது. நூறு வருஷத்துக்கு மேற்பட்டவை, ஏடுகளானால் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்டவை, தொல்பொருள். கல், உலோகத் திருமேனிகள், ஓவியங்கள் போன்ற சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்வதால் உடைமை மாறாது. பொருள் உங்களுடையதுதான், உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். கைமாற்றினால் தெரிவிக்க வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். அரசு எடுக்க வேண்டுமென்றால் இழப்பீடு கொடுத்துத்தான் எடுக்க முடியும்.

ஏர் ஓட்டும்போதோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ மண்ணுக்குள்ளிருந்து கிடைப்பது வேறு. அதற்கு 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதுவானாலும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுப்பதிலிருந்து அது தொடங்குகிறது. மறைத்தால் கண்டெடுத்தவர் பங்கை இழப்பதோடு சிறைக்கும் போகலாம். தெரிவித்தால், உரிமை கோர வேறு யாரும் இல்லாத நிலையில், மூலச் சட்டத்தின்படி கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு மீதி ஒரு பங்கு. அரசே வைத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். எடைக்குப் போடும் கடையில் கிடைப்பதை விட இது கூடுதல். எடைக்குப் போட்ட பொருளுக்கு எந்த ஊரில், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்ற குறிப்பும் யாரிடமும் இருக்காது.